நம்ம கம்பெனி உபயம்

கழுத்துப் பட்டையின் நிறத்தைப் பார்த்து மனிதனை எடை போடும் வசதி பெரிய கம்பெனிகளில்தான் உண்டு. புக்கிட் பெருந்துங்கில் இருந்த அந்த உறைய வைத்த சாப்பாட்டுக் கம்பெனியில் நீலப் பட்டை என்றால் கம்பெனி ஆள். மஞ்சள் என்றால் கொண்ட்ரேக், அதாவது ஒப்பந்த ஆள். நீலத்துக்குக் கண்டீனும் ஏர்கோனும் உண்டு. மஞ்சள், லோரி நிறுத்தும் கூரைக்கடியில் குந்தி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிடும். ஆனால் காலை உறுதிமொழி எல்லாருக்கும் பொது. வரிசையில் நின்று, "நாம் ஒரே குடும்பம்" என்று மலாயில் ஒரே குரலில் சொல்லி முடித்ததும், குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு வாசல் வழியாக உள்ளே போகும்.

புவனேசன் மஞ்சள். குளிர் அறைகளின் கம்ப்ரசர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கணக்காகச் சொன்னால் அவன் கம்பெனியின் கொண்ட்ரேக்காரன்கூட இல்லை. கம்பெனி அந்த வேலையை ஒரு பராமரிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தது. அந்த நிறுவனம் சிவானந்தம் என்ற ஏஜெண்டுக்குக் கொடுத்தது. சிவானந்தம் புவனேசனுக்குக் கொடுத்தான். இத்தனை பேரில் கம்ப்ரசரைக் கையால் தொடுகிறவன் புவனேசன் ஒருவன்தான். மற்றவர்கள் அதைப் பற்றி ஈமெயில் எழுதினார்கள்.

இதற்கு முன்னால் அவன் பாசிர் பெனாம்பாங்கில் லிம் தவுக்கே என்ற சீன முதலாளியின் ஐஸ் பேக்டரிக்குக் கொண்ட்ரேக் பார்த்தான். மீன்பிடிப் படகுகளுக்குக் கட்டி ஐஸ் போடுகிற இடம். அங்கே கழுத்துப் பட்டை கிடையாது, கதவும் கிடையாது. கொண்ட்ரேக் என்பதும் தாளில் இல்லை, தவுக்கேயின் தொண்டையில் இருந்தது. கம்ப்ரசர் நின்றால் போன் வரும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வரும். லிம் தவுக்கே தோட்டத்துக் கடைவீட்டில் பிறந்து வளர்ந்தவர், தொழிலாளர் வரிசைவீடுகளின் லயத்துத் தமிழிலேயே திட்டுவார். "எங்கடா போய்த் தொலைஞ்ச? இங்க மீனு நாறுது, நீ அங்க தலைக்கு ஊத்திக்கிட்டு இருக்க!" வேலை முடிந்ததும் அவர் சம்சாரம் மீன் பொரித்து வைப்பாள். உப்புத்தண்ணித் தொட்டியின் ஓரத்தில் நின்றபடியே தவுக்கேயும் புவனேசனும் முள்ளைத் துப்பித் துப்பிச் சாப்பிடுவார்கள். "இனிமே இந்தப் பக்கம் வராத" என்று சொல்லி அனுப்புவார். மறுவாரம் போன் வரும்.

சின்னக் கம்பெனியில் திட்டுவார்கள். பெரிய கம்பெனியில் கருத்துத் தெரிவிப்பார்கள். திட்டுக்குப் பதில் திட்டலாம். கருத்துக்கு ‘நோட்டட்’ என்று மட்டும்தான் பதில் போடலாம்.

அவனை ஐஸ் பேக்டரியிலிருந்து கிளப்பியது அவன் மனைவி அமராவதி. ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய சித்தி மகள், "அத்தான் என்னா வேல?" என்று கேட்க, இவள் யோசிக்காமல் "ஐஸ் வேல" என்றாள். பந்தி முழுக்கச் சிரித்தது. "ஐயோயோ அக்கா, மெதுவாச் சொல்லுங்கலா, போலீஸ் வரப்போவுது. அத்தான் ஐஸ் விக்கிறாரா, இல்ல அடிக்கிறாரா?" என்றான் எவனோ ஒருவன். இந்தப் பக்கம் போதைக் கூட்டத்தின் சரக்கு ஒன்றுக்கும் ஐஸ் என்றுதான் பெயர். அமராவதி அன்றைக்குப் பாயாசம் சாப்பிடவில்லை. சிவானந்தம் என்ற பெயரைத் தேடிப் பிடித்தவள் அவள்தான்.

அதிலிருந்து புவனேசன் விடிவதற்குள் புக்கிட் பெலிம்பிங் வீட்டில் மோட்டர் சைக்கிளைக் கிளப்பி, ராவாங், செரண்டா தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தான். திரும்பி வரும்போது கன்னத்தில் தூசி ஒரு படலமாகப் படிந்திருக்கும். அமராவதி பாசிர் பெனாம்பாங்கில் ஒரு கடல் உணவுக் கடையின் பின்கட்டில் எறால் உரிக்கிறாள். வேலை விட்டு வந்து எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். ஆனால் யார் கேட்டாலும் இப்போது அவளிடம் பதில் இருந்தது: "அவரு கம்பெனியில இருக்காரு."

கம்பெனிக்குப் போகிறவன் வேறு, கம்பெனியில் இருக்கிறவன் வேறு. இது அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

*

ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. தோட்டத்தில் இப்போது லயம் இல்லை, ஆள் இல்லை. எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் அப்பளசாமி அதற்குத் தலைவர். தலைவரே என்று கூப்பிட்டால் முதல் தடவையிலேயே காது கேட்கும். அப்பளசாமி அண்ணே என்று கூப்பிட்டால் மூன்று தடவை கூப்பிட வேண்டும்.

புவனேசன் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் எழுதாத இரண்டு பேனா.

"அமராவதி, இந்த வருசம் அன்னதான உபயம் நீங்கதானே?"

"ஆமா மாமா. பேரு மட்டும் நல்லாப் போடுங்க. போன வருசம் எங்க பேரக் கடேசில, போன் நம்பருக்குக் கீழ போட்டுட்டாங்க."

"இந்தத் தடவ பேனரே ஒங்களோடதுதான். முச்சந்தியில வளைவு மேல. மாப்ள படம் ஏதும் இருக்கா? இந்தக் கோட்டு கீட்டு போட்டு?"

கோட்டு இல்லை. கம்பெனி பாதுகாப்பு வகுப்பன்று, கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்ட வெஸ்ட் மேல்சட்டையில் எடுத்த படம் இருந்தது. நெஞ்சில் கம்பெனியின் முத்திரை, ஒரு வெள்ளைக் கரடி.

"அட, இது போதுமே! எந்தக் கம்பெனி இது?"

"கரடிக் கம்பெனி மாமா. கோழி உருண்ட, மீன் உருண்டயெல்லாம் செய்யறாங்களே."

"ஓ, நம்ம கம்பெனி!" என்றார் அப்பளசாமி.

இந்த மக்களுக்கு ‘நம்ம’ என்ற சொல் சற்றுத் தாராளமாக வரும். ஒரு மரம்கூடச் சொந்தமில்லாமல் மூன்று தலைமுறையாக ‘நம்ம தோட்டம்’ என்றார்கள். வெள்ளைக்காரன் போய் வேறு துரை வந்ததும் அவரும் ‘நம்ம துரை’ ஆனார். லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிய வக்கீலைக்கூட ‘நம்ம தோட்டத்து லாயர்’ என்றுதான் சொன்னார்கள். ஆகவே பேனரில் இப்படி அச்சானது: ‘அன்னதான உபயம்: நம்ம கரடிக் கம்பெனி, திரு. புவனேசன் – திருமதி அமராவதி குடும்பத்தார்.’ நடுவில் மாரியம்மன். வலப்புறம் கும்பிட்ட கையோடு புவனேசன். கையை மட்டும் யாரிடமிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தார்கள். இடப்புறம், சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கரடி. பார்த்தவர்களில் பாதிப் பேர் அதை ஜாம்பவான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கொடி ஏறியது. காப்புக் கட்டினார்கள். இனித் திருவிழா முடியும்வரை கட்டியதை அவிழ்க்கக் கூடாது, மாட்டியதை இறக்கக் கூடாது.

அந்தச் சனிக்கிழமைதான் கம்பெனியின் கொண்ட்ரேக் பகுதி மேலாளர் வசந்தினி, குடும்பத்தோடு கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சி பார்க்கப் போனார். போகிற வழியில், மின்மினிக்கு முன்னால் கரடி கண்ணில் பட்டுவிட்டது.

*

திங்கட்கிழமை புவனேசனைக் கூப்பிட்டார்கள். அவன் அந்த மாடிக்கு முன்பின் ஏறியதில்லை. ஏர்கோன் சத்தத்தைக் கேட்டதும் பில்டர் கழுவிப் பல மாதம் ஆகிறது என்று தெரிந்தது. அது வேறு ஒருவனின் கொண்ட்ரேக்.

வசந்தினி யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பெண். அவர் தாத்தா தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிறவர்.

"இருங்கோ மிஸ்டர் புவனேசன். தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம் மேடம்."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். "இது நீங்கள்தானே?"

"ஆமா மேடம். கை மட்டும் நான் இல்ல."

"படம் வடிவாத்தான் இருக்கு. ஆனா பாருங்கோ, இதிலை எங்கட லோகோ இருக்கு. எங்கட வெஸ்ட் போட்டிருக்கிறீங்கள். நம்ம கம்பெனி எண்டும் எழுதியிருக்கு."

"அது கோயிலுல போட்டுட்டாங்க மேடம். சும்மா, ஒரு மரியாதைக்கு."

"விளங்குது. நான் கோவிக்கேல்லை. ஆனா நீங்கள் எங்கட ஆள் இல்லை. எங்கட வெண்டார் வச்சிருக்கிற ஏஜெண்டின்ர ஆள். எங்கட கம்பெனி கோயிலுக்கு ஸ்பான்சர் செய்யுது எண்டு வெளியில நினைச்சா, நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம். எங்கட நிலைமையையும் யோசிக்க வேணும்."

புவனேசன் பேசுகிற தமிழில் ‘நம்ம’ என்றால் எதிரில் நிற்கிறவனும் சேர்த்தி. அந்த அம்மாளின் ‘எங்கட’வில் எதிரில் நிற்கிறவனுக்கு இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் மண்டையில் ஏறாத இலக்கணம் அந்த அறையில் ஒரு நிமிடத்தில் ஏறியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கழட்டிப்போட்டுப் படம் அனுப்புங்கோ. உள்ள வாற பாஸ் புதுப்பிக்கிற நேரம்தானே இது. அதிலை பிரச்சினை வராமல் நான் பாக்கிறன்."

"சரி மேடம்."

கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவனுக்குத் தெரிந்தது. வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. கீழே போய் மூன்றாம் குளிர் அறையின் கம்ப்ரசருக்கு எண்ணெய் பார்த்தான்.

அன்று சாயங்காலம் அமராவதி குழாயடியில் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டச் சொல்றாங்க" என்றான்.

"எத?"

"பேனர."

"யாரு?"

"கம்பெனியில."

"காப்புக் கட்டியாச்சேங்க."

"தெரியும்."

"கழட்டலன்னா?"

"பாஸ் குடுக்க மாட்டாங்க."

அவள் எலுமிச்சைத் தோலை விடவில்லை. "கை கழுவிட்டு வாங்க. தண்ணிச் சோறும் நெத்திலியும் இருக்கு" என்றாள்.

*

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு இருவரும் முச்சந்திக்குப் போனார்கள். மழை இல்லாத வாரம். புகைமூட்டம் வேறு, செம்பனைகளுக்கு மேல் வானம் பழைய வேட்டி நிறத்தில் இருந்தது. எப்படியோ சேதி தெரிந்து அப்பளசாமி முன்னமே வந்து வளைவுக்குக் கீழே நின்றார்.

"காப்புக் கட்டுனதுக்கு அப்பறம் ஒரு தோரணம் எறங்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்ல, அம்மா போட்டது. மீறி எறக்குறதுன்னா என் பொணத்து மேல ஏறி எறக்கு."

"பொணம் வேணாம் மாமா" என்றாள் அமராவதி. "ஏணி இருக்கு. நீங்க ஒரு பக்கம் புடிங்க."

"வெளயாடாதம்மா. பெரிய கம்பெனி, ஒரு பேனருக்கா ஆள வெரட்டுவான்? அவனுக்குத்தானே விளம்பரம்?"

"அவங்களுக்கு வேணாமாம்லா மாமா."

"வேணாமா?" அப்பளசாமியால் இதை நம்ப முடியவில்லை. முச்சந்தி வளைவில் சும்மா இடம் கொடுத்தும் ஒருவன் வேண்டாம் என்பது அவர் தலைமையில் இதுவரை நடந்ததில்லை. "அம்மா பக்கத்துல நிக்க வேணாம்னு சொல்றானா?"

"நாங்க பக்கத்துல நிக்க வேணாம்னு சொல்றாங்க."

புவனேசன் ஏணியைச் சாத்தினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அப்பளசாமி வளைவை அண்ணாந்து பார்த்தார். முன்னாள் மண்டோர், மேலிடத்து உத்தரவுக்கும் கீழிடத்துச் சம்பிரதாயத்துக்கும் நடுவில் சந்து கண்டுபிடித்துத்தான் காலம் தள்ளியவர்.

"இரு, இரு. எறக்கக் கூடாதுன்னுதான் சட்டம். ஓட்ட போடக் கூடாதுன்னு சட்டம் கெடயாது. காத்துக்குன்னு எல்லாரும் பேனர்ல ஓட்ட போடறதுதானே?"

"அப்ப கரடிய மட்டும் வெட்டிருங்க" என்றாள் அமராவதி. "அம்மா கையில கத்தி பட்டுறாம."

அவன் ஏறி வெட்டினான். முதலில் கரடி. பிறகு ‘கரடிக் கம்பெனி’ என்ற எழுத்து. கடைசியாக அவன் படத்தில் வெஸ்ட்டில் இருந்த சின்னக் கரடி. இறங்கிப் பார்த்தபோது மாரியம்மனுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் வழியாகச் செம்பனை தெரிந்தது. புவனேசன் நெஞ்சில் ஓட்டையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளதைச் சொன்னால் காற்று நன்றாகப் போய் வந்தது.

படம் எடுத்து அனுப்பினான். ‘நோட்டட் வித் தேங்ஸ்’ என்று உடனே பதில் வந்தது. அமராவதி அதை வாங்கிப் படித்தாள். "தேங்ஸ்னுதானே போட்டிருக்காங்க? அப்ப சரிதானே?" என்றாள். சரிதான் போலிருக்கிறது என்று அவனும் நினைத்தான்.

*

திங்கட்கிழமை வாசலில், கேட்டைத் திறக்கும் கருவியில் பாஸ் அட்டையை வைத்தான். சிவப்பு. துடைத்து வைத்தான். சிவப்பு. பின்னால் மோட்டர்கள் ஹாரன் அடித்தன. நேப்பாளி காவலாளி, தினமும் சிரிக்கிறவன், இன்றைக்கும் சிரித்துக்கொண்டே, "தெப்பி, அபாங், தெப்பி" என்று ஓரத்தைக் காட்டினான். ஓரமாக நின்று சிவானந்தத்துக்குப் போன் போட்டான்.

"அண்ணே, டென்சன் ஆவாதீங்க. ஒங்கள யாரும் நிப்பாட்டல."

"கேட்டு தொறக்கலயே."

"அது சிஸ்டம் அண்ணே. நிப்பாட்டியிருந்தா லெட்டர் வரும். லெட்டர் வந்துச்சா? வரல. அப்ப நீங்க வேலயிலதான் இருக்கீங்க."

"உள்ள போவ முடியாது."

"முடியாது."

"ஆனா வேலயில இருக்கேன்."

"அதான் அண்ணே சொல்றேன்."

"மேடம் பிரச்சன வராதுன்னாங்களே."

"மேடம் நல்லவங்க அண்ணே, அவங்க ஓகேன்னுட்டாங்க. நடுவுல இருக்கான் பாருங்க, மெயின்டனன்ஸ் கம்பெனிக்காரன், அவந்தான் எதுக்கு வம்பு, வேற ஆளப் போடுன்னுட்டான். நான் வேற எடம் பாத்துச் சொல்றேன். போன ஆன்ல வைங்க."

உள்ளே உறுதிமொழி ஆரம்பித்தது. வேலிக்கு வெளியிலும் தெளிவாகக் கேட்டது. முழுதும் கேட்டுவிட்டு மோட்டரைத் திருப்பினான்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஐஸ் பேக்டரிக்குப் போனான். லிம் தவுக்கே பனியனோடு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

"வாங்க, வாங்க, கம்பெனித் தொர! வழி தவறிட்டியா? ஒக்காரு. செருப்பக் கழட்டாத, இங்க ஒன் ஒசரத்துக்கு ஏத்த நாக்காலி இல்ல."

"வேல ஏதும் இருக்கா தவுக்கே?"

தவுக்கே சிரிப்பை நிறுத்தினார். "வெரட்டிட்டானா?"

"இல்ல. வேலயிலதான் இருக்கேனாம்."

"என்னாடா பேச்சு இது?" பிறகு எழுந்துபோய்க் கம்ப்ரசரின் மேல் கையை வைத்தார். "கேளு. சத்தத்தக் கேளு. நீ போவறதுக்கு முந்தி பார்ட்டு பார்ட்டா எல்லாத்தையும் மாத்தி வச்சுட்டுப் போன பாரு, அதுலேருந்து சனியன் நிக்கவே மாட்டேங்குது. ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்குது. நான் என்னா வேலடா ஒனக்குக் குடுப்பேன்?"

புவனேசன் கேட்டான். நல்ல சத்தம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அரகொறயாப் பாத்திருந்தா மாசம் ஒரு தடவ ஒடஞ்சிருக்கும். ஒனக்கும் சோறு, எனக்கும் திட்ட ஆளு. முட்டாப் பய" என்றார் தவுக்கே. திட்டுவதில் பழைய உறுதி இல்லை. சம்சாரத்தைக் கூப்பிட்டு மீன் பொரிக்கச் சொன்னார். பொரித்து வருவதற்குள் புவனேசன் போய்விட்டான்.

வீட்டில் அமராவதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க, லீவா?"

"ஆமா."

"எத்தன நாளு?"

"சொல்லல."

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சோத்த மூடி வச்சிருக்கேன். பூன வரும், கதவச் சாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அன்னதானம். கூடாரத்துக்குள் கூட்டம் தாங்கவில்லை. சிங்கப்பூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். முருங்கைக்காய் சாம்பார், பூசணிக் கூட்டு, கீரை வடை, சேமியா பாயாசம். புவனேசன் சாம்பார் வாளியோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தான். "கம்பெனிக்காரரே, இங்க ஒரு கரண்டி!" என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான்.

மரியாதை செய்கிற நேரம். அப்பளசாமி ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் மாலையுமாக நின்றார். மைக்கைப் பொத்திக்கொண்டு அமராவதியிடம் குனிந்தார்.

"யம்மா, எழுதிக் குடுத்ததுல கம்பெனின்னு இருக்கு. இப்ப என்னான்னு கூப்பிடறது? கம்பெனிய விட்டுட்டா வெறும் பேரா நிக்குது. சனம் என்னான்னு நெனைக்கும்? உபயக்காரருன்னா ஏதாச்சும் ஒண்ணு இருக்கணும்ல?"

"எறால் கடை அமராவதின்னு சொல்லுங்க மாமா."

"சும்மா இரும்மா."

"நான் சும்மா சொல்லல. இந்தச் சாம்பாரு, பாயாசம், எல விரிச்ச காசு எல்லாம் எறால் உரிச்ச காசு. கம்பெனி ஒரு கறிவேப்பிலை போடல."

அப்பளசாமி மைக்கை இன்னும் இறுக்கிப் பொத்தினார். "அம்மா சன்னதிம்மா. சைவச் சாப்பாடு நடக்குது. மைக்கில எறால்னு எப்படிம்மா சொல்றது?"

"கோழி உருண்டக் கரடிய வளைவுல ஏத்தி மாட்டுனீங்களே மாமா, அப்ப சைவம் எங்க போச்சு?"

தலைவருக்கு முதல் தடவையிலேயே காது கேட்டுவிட்டது. தொண்டையைச் செருமினார். மேளம் நின்றது.

"இன்றைய அன்னதான உபயம்... பாசிர் பெனாம்பாங் கடல்சார் தொழில் நிபுணர், திருமதி அமராவதி!"

கூட்டம் தட்டியது. அவருக்கு அப்படித்தான் வரும், விட்டுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கழுத்தை நீட்டி மாலையை வாங்கினாள். கண் கூட்டத்தில் புவனேசனைத் தேடியது.

அவன் பந்தியின் கடைசி வரிசையில் இருந்தான். கரண்டி முங்கியது, எழுந்தது, சாய்ந்தது. "போதும் தம்பி, போதும்" என்று ஒருவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்தார். அந்தக் கையின் மேலேயே கரண்டி சாய்ந்தது.

"ஐயோ, கை! கைய்யா! சுடுது!"

புவனேசன் நிறுத்தினான். குனிந்து, சாம்பார் வழிந்த அந்தக் கை தன்னுடைய கையா என்று பார்த்தான்.